ஃப்ளோ சைட்டோமீட்டரில் வெள்ளணுக்களை அடையாளம் காண்பது எப்படி: எங்கள் பாளையங்கோட்டை மேசையிலிருந்து

முக்கூடல் பக்கமிருந்து ஓர் அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆய்வகத்துக்கு வருவார். விடிகாலை பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டை வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பினால்தான் அன்றைக்குக் கொஞ்சமாவது பீடி சுற்ற முடியும். ஒரு தடவை அவருடைய ட்யூபில் ரத்தம் கட்டிப்போயிருந்தது. மறுநாள் வரச் சொல்லிப் போன் செய்தேன். "இன்னொருக்கா குத்தணுமா தாயி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் குரலை மனசில் வைத்துக்கொண்டுதான் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். "வாயால சொல்லுதத எழுதித் தாங்க அக்கா" என்று வள்ளியூரிலிருந்து வரும் தங்கச்சி ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் எழுதுகிறேன். செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓட்டி நிறம் பார்க்கிற மெஷின்தான் ஃப்ளோ சைட்டோமீட்டர். எங்கள் மேசையில் அதில் அன்றாடம் ஓடுகிற ஆறு வண்ணப் பரிசோதனையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். லிம்போசைட் என்ற வெள்ளணு வகைக்குள் இருக்கும் டி செல், பி செல், என்கே செல் மூன்றையும் ஒரே ட்யூபில் பிரித்து எண்ணுவதுதான் அது.

முதலில் ஏன் இத்தனை பாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் லிம்போசைட்டுகள் எல்லாம் ஒரே சாயலில்தான் இருக்கும். உருண்டையான கருநீல உட்கரு, அதைச் சுற்றி மெல்லிய ஓரம். இதில் எது உதவி டி செல், எது பி செல் என்று எவ்வளவு அனுபவம் உள்ளவரும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வகையும் தன் மேல்தோலில் வேறு வேறு புரதங்களைச் சுமந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டுகிற ஆன்டிபாடியை எடுத்து, அதோடு ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்து ரத்தத்தில் விட்டால், அந்தச் செல் லேசர் முன்னால் போகும்போது தன் நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டும் மட்டும் தயாரிக்கிற வழியைக் கண்டுபிடித்தார்கள். இந்த வேலை இன்று எங்கள் ஊர் வரைக்கும் வந்ததற்கு அதுதான் அடிப்படை. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வெவ்வேறு பெயரில் வழங்கிய புரதங்களுக்கு 1982-இல் பாரிஸில் கூடிப் பொதுவாக சிடி எண்கள் கொடுக்கத் தொடங்கினார்கள்.

நமக்கு வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். சிடி45 எல்லா வெள்ளணுக்களிலும் இருக்கும், சிவப்பணுவில் இருக்காது. சிடி3 என்றால் டி செல். அதற்குள் சிடி4 உதவி செய்யும் வகை, சிடி8 கொல்லும் வகை. சிடி19 என்றால் பி செல். சிடி3 இல்லாமல் சிடி16-ஓ சிடி56-ஓ இருந்தால் என்கே செல். பிள்ளைகள் இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் செல்லில் என்ன இருக்கிறது என்பது பாதிதான். என்ன இருக்கவே கூடாது என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

இப்போது சாயங்கள். எங்கள் மெஷினில் இரண்டு லேசர்கள். 488 நானோமீட்டர் நீலம் ஒன்று, 640-ஐ ஒட்டிய சிவப்பு ஒன்று. நீல லேசரில் நான்கு சாயம்: சிடி3-க்கு எஃப்ஐடிசி, சிடி16, சிடி56 இரண்டுக்கும் சேர்த்து பிஇ, சிடி45-க்கு பெர்சிபி-சை5.5, சிடி4-க்கு பிஇ-சை7. சிவப்பு லேசரில் இரண்டு: சிடி19-க்கு ஏபிசி, சிடி8-க்கு ஏபிசி-சை7. எஃப்ஐடிசி 520 நானோமீட்டர் பக்கம் பச்சையாக ஒளிரும், பிஇ 578 பக்கம் மஞ்சளாக. பிஇ என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிற புரதம். மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுத்து வருகிறார்களே, அந்தச் சிவப்புப் பாசி இனங்களுக்கு நிறம் கொடுப்பதும் இந்தக் குடும்பத்துப் புரதம்தான். ஒவ்வொரு முறை அந்தக் குப்பியைத் திறக்கும்போதும் எனக்கு நம்ம ஊர்க் கடல் ஞாபகம் வரும்.

பெயரில் "சை7" என்று ஒட்டிக்கொண்டு வருபவை இரட்டைச் சாயங்கள். லேசரின் ஒளியை முதல் சாயம் வாங்கி அடுத்ததிடம் கைமாற்றும், அடுத்தது 780 நானோமீட்டரைத் தாண்டிய நிறத்தில் ஒளிரும். இந்த இணைப்பு நோஞ்சான். வெளிச்சம் பட்டாலும் சூடு பட்டாலும் பிய்ந்துபோகும். பிய்ந்தால் முதல் சாயம் தன் பழைய நிறத்திலேயே ஒளிரத் தொடங்கிவிடும். ஏபிசி-சை7 கெட்டால் ஏபிசியாகத் தெரியும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ரத்தம் ஊதா மூடி போட்ட ஈடிடிஏ ட்யூபில் வர வேண்டும். ரத்தம் கட்டாமல் தடுப்பதுதான் ஈடிடிஏ. எடுத்தவுடன் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. முக்கூடல் அம்மாவின் ரத்தம் கட்டிப்போனது இந்த ஒரு நிமிஷ வேலையை யாரோ தள்ளிப்போட்டதால்தான். ட்யூப் கைக்கு வந்ததும் ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டுச் சுழற்றி எடுங்கள். நூல்போல ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த ரத்தத்தை ஓட்டவே கூடாது. சின்னக் கட்டிக்குள்ளும் வெள்ளணுக்கள் மாட்டிக்கொள்ளும், எண்ணிக்கை குறைந்து காட்டும், மெஷினின் குழாயும் அடைக்கும்.

ட்யூபை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். புத்தகம் சொல்லும் அறை 20-லிருந்து 25 டிகிரி. நம்ம ஊரில் அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்றுவிட்டால் அறை அந்த அறையாக இருக்காது. அதனால் மேசையில் ஒரு தெர்மாமீட்டர் நிரந்தரமாகக் கிடக்க வேண்டும். ராதாபுரம், களக்காடு பக்கமிருந்து ரத்தம் அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது: தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள், ஐஸ் கட்டி ட்யூபில் நேராகப் படக் கூடாது, பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக் கொண்டுவரக் கூடாது. பெட்டி பஸ்ஸில் வந்தால் எஞ்சின் பக்கம் வேண்டாம். ரத்தம் எடுத்த நேரம் ட்யூபில் எழுதியிருக்க வேண்டும். நேரம் தெரியாத ட்யூபை எத்தனை மணிக்குள் ஓட்டுவது?

ஆன்டிபாடிக் குப்பிகள் 2-லிருந்து 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறையவிட்டால் போச்சு. பிஇ, ஏபிசி எல்லாம் புரதம், உறைந்து உருகினால் குலைந்துவிடும். சாதாரண ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைத்தால் சில நேரம் உறைந்தே போகும். முன்பக்கம், நடுத்தட்டு, மூடிய டப்பாவுக்குள். கரண்ட் போய் வந்தால் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

புதிதாக ஒரு ஆன்டிபாடியைத் தனியாக வாங்கினால் எவ்வளவு விடுவது என்பதை நம் ரத்தத்தில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டே போய், ஒளிரும் கூட்டமும் ஒளிராத கூட்டமும் அதிகமாகப் பிரிந்து நிற்கும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிகம் விட்டால் நல்லது என்று நினைப்பது தவறு. தேவைக்கு மேல் போனால் ஒட்டக் கூடாத செல்லிலும் ஒட்டி, இருட்டாக இருக்க வேண்டிய கூட்டமும் மங்கலாக ஒளிரத் தொடங்கிவிடும்.

அடுத்து பிப்பெட், சொட்டளவு திரவத்தை அளந்து உறிஞ்சி விடுகிற கருவி. எங்கள் ட்யூபின் அடியில் எண்ணி வைத்த ஒளிரும் மணிகள் சின்ன உருண்டையாக இருக்கும், அதற்கு மேல் ஓர் உலோகத் தடுப்பு. முதலில் 20 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடிக் கலவை. பிறகு 50 மைக்ரோலிட்டர் ரத்தம். அந்த 50 உண்மையிலேயே 50-ஆக இருக்க வேண்டும். ரத்தம் தண்ணீர் மாதிரி இல்லை, கொழகொழவென்று டிப்பின் உள்சுவரில் தங்கும். அதனால் பிப்பெட்டை இரண்டாவது நிறுத்தம் வரை அழுத்தி ரத்தத்தை உறிஞ்சுங்கள். டிப்பின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், துணி டிப்பின் வாயைத் தொடக் கூடாது. முதல் நிறுத்தம் வரை மட்டும் அழுத்தி ட்யூபில் விடுங்கள். டிப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இருக்கட்டும், அதைப் பிழிந்து விடாதீர்கள். ரத்தம் உலோகத் தடுப்புக்குச் சற்று மேலே, ட்யூபின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். ட்யூபின் மேல்பக்கம் ஒரு துளி தெறித்து ஒட்டிக்கொண்டால், அந்தத் துளியில் உள்ள செல்களில் சாயம் ஏறாது, எண்ணிக்கையிலும் வராது. நான் புதியவர்களை முதல் வாரம் முழுக்க வெறும் பிப்பெட் மட்டுமே பிடிக்க வைப்பேன். முகம் சுளிப்பார்கள். அப்புறம் தராசில் பத்துத் தடவை எடை போட்டுக் காட்டச் சொல்வேன். பத்தும் ஒன்றுபோல வரும்வரை நோயாளியின் ரத்தத்தைத் தொட விடமாட்டேன்.

மெதுவாகச் சுழற்றிக் கலந்து, இருட்டில் 15 நிமிடம். பிறகு சிவப்பணுக்களை உடைக்கும் கரைசல் 450 மைக்ரோலிட்டர், மறுபடி கலந்து, இருட்டில் 15 நிமிடம். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிவப்பணு சுமார் 50 லட்சம், வெள்ளணு 4000-லிருந்து 11000 வரைதான். ஆனித் தேரன்று ரத வீதியில் நிற்கிற ஜனத்தில் நாலைந்து பேரைத் தேடுவது மாதிரி. கூட்டத்தைக் கலைத்தால்தான் தேட முடியும். கரைசல் விட்ட பிறகு ட்யூபை வெளிச்சத்துக்கு எதிரே ஒரு நொடி பிடித்துப் பாருங்கள். கலங்கல் போய்த் தெளிந்த செந்நிறமாக இருந்தால் உடைந்திருக்கிறது.

இந்த முறையில் கழுவக் கூடாது. கழுவினால் செல்லும் மணியும் வேறு வேறு அளவில் போய்விடும், கணக்கு நாசம். எதிலும் கழுவக் கூடாது என்று அர்த்தமில்லை. ரத்தப் புற்றுநோயில் பி செல்லின் மேல் இருக்கும் கப்பா, லாம்டா என்ற புரதத் துண்டுகளைப் பார்க்கும்போது சாயம் போடும் முன்பே இரண்டு மூன்று தடவை கழுவியாக வேண்டும். பிளாஸ்மாவில் மிதக்கிற இம்யூனோகுளோபுலினிலும் அதே துண்டுகள் உண்டு, அது நம் ஆன்டிபாடியை எல்லாம் விழுங்கிவிடும். எந்த வேலைக்கு எது என்று தெரிந்து செய்யுங்கள்.

மெஷினைக் காலையிலேயே போட்டு அரை மணி நேரம் லேசர்கள் சூடாகட்டும். நாள்தோறும் தரக்கட்டுப்பாட்டு மணிகளை ஓட்டி, நேற்றைய அளவோடு ஒப்பிட்டு எழுதுங்கள். மெஷினுக்குள் நடப்பது எளிமையானது. சுற்றி ஓடும் திரவம் செல்களை ஒற்றை வரிசையாக்கி லேசர் முன்னால் கொண்டுபோகிறது. முன்னோக்கிச் சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளிருக்கும் துகள்களைச் சொல்லும், மற்ற கண்கள் நிறங்களைப் பார்க்கும்.

ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றின் ஜன்னலில் சிந்துவதைக் கழிக்கும் காம்பன்சேஷன்தான் எல்லோரையும் குழப்புகிற இடம். "அக்கா, பச்சை மட்டுந்தான போட்டேன், மஞ்சள்லயும் தெரியுதே?" என்று வள்ளியூர்த் தங்கச்சி முதல் நாளே கேட்டாள். சரியான கேள்வி. எஃப்ஐடிசியின் ஒளி 520-இல் உச்சம் என்றாலும் அதன் வால் பிஇ-யின் ஜன்னல் வரை நீள்கிறது. ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனி ட்யூபில் போட்டு ஓட்டி, எவ்வளவு சிந்துகிறது என்று அளந்து கழிக்க வேண்டும். எஃப்ஐடிசி மட்டும் போட்ட ட்யூபில் ஒளிரும் கூட்டத்தின் பிஇ இடைநிலை மதிப்பும் ஒளிராத கூட்டத்தின் பிஇ இடைநிலை மதிப்பும் சமமாக வந்தால் கழித்தது சரி. படம் அழகாகத் தெரிகிறது என்று கண்ணை நம்பி இழுத்துவிடாதீர்கள். அதிகமாகக் கழித்தால் மங்கலாக ஒளிரும் உண்மையான செல்கள் காணாமல் போகும். மங்கலான கூட்டத்துக்கு எங்கே கோடு போடுவது என்ற சந்தேகம் வந்தால், அந்த ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போட்ட ட்யூப் ஒன்று ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பெயர் எஃப்எம்ஓ. கோட்டை அது காட்டிக்கொடுக்கும்.

ஓட்டும்போது மெஷின் கணக்கில் எடுக்கும் குறைந்தபட்ச அளவை சிடி45-இல் வையுங்கள், பருமனில் வைக்காதீர்கள். கழுவாத ட்யூபில் உடைந்த சிவப்பணுக் குப்பை நிறைய இருக்கும், சிடி45 இல்லாததால் அதெல்லாம் வெளியே நின்றுவிடும். அப்புறம் திரையில் சிடி45-ஐயும் பக்கவாட்டு ஒளியையும் எதிரெதிரே போட்டால் மூன்று கூட்டம் தெரியும். சிடி45 பளிச்சென்றும் துகள் குறைவாகவும் இருப்பது லிம்போசைட். சற்று மங்கி, நடுவில் நிற்பது மோனோசைட். துகள் நிறைந்து உயரத்தில் இருப்பது கிரானுலோசைட். லிம்போசைட்டைச் சுற்றி வேலி போடுங்கள். அதற்குள் சிடி3 உள்ளவற்றைத் தனியாக எடுத்து, அவற்றை மட்டும் சிடி4, சிடி8 படத்தில் பாருங்கள். சிடி3 இல்லாதவற்றை சிடி19, சிடி16-சிடி56 படத்தில் பாருங்கள். சிடி3-ஐத் தாண்டாமல் நேராக சிடி4-ஐ எண்ணக் கூடாது. மோனோசைட்டிலும் சிடி4 மங்கலாக உண்டு. வேலி கொஞ்சம் நெகிழ்ந்தால் அதுவும் உதவி டி செல்லாகக் கணக்கில் ஏறிவிடும்.

இப்போது அந்தக் கதை. ஒரு மே மாத மதியம். கரண்ட் போய், ஜெனரேட்டரும் வரத் தாமதமாகி, சாயம் ஏற்றிய ட்யூப்களை ஜன்னலோர மேசையில் வைத்தபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டேன். மேலே மூடவில்லை. கரண்ட் வந்ததும் ஓட்டினேன். ஒரு ட்யூபில் பி செல் சதவீதம் வழக்கத்துக்கு மேல் வந்தது. அன்றைக்கு அவசரத்தில் சிடி3-ஐப் பிரிக்காமல் சிடி19-ஐ லிம்போசைட் வேலியிலிருந்து நேராக எண்ணியிருந்தேன். கையெழுத்துப் போடும் முன் கூட்டிப் பார்த்தேன். டி, பி, என்கே மூன்றும் சேர்ந்து 100-ஐ ஒட்டி வர வேண்டும். 95-க்கும் 105-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி, 90-லிருந்து 110 வரைதான் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு வந்தது 118.

சிடி3-ஐயும் சிடி19-ஐயும் எதிரெதிரே போட்டேன். இரண்டும் உள்ள மூலையில் ஒரு கூட்டம் நின்றது. ஒரே செல் டி-யாகவும் பி-யாகவும் இருக்காது. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்து சிடி4, சிடி8 படத்தில் தேடினேன். அத்தனை சிவப்புப் புள்ளியும் சிடி8-இல் போய் உட்கார்ந்திருந்தது, சிடி4-இல் ஒன்றுகூட இல்லை. அப்போது புரிந்தது. சிடி8-இல் இருந்த ஏபிசி-சை7 வெயிலில் பிய்ந்து ஏபிசியாக ஒளிர்ந்திருக்கிறது. மெஷின் அதை சிடி19 என்று படித்திருக்கிறது. அதே ரத்தத்தில் மறுபடி சாயம் ஏற்றி, ட்யூபை அலுமினியத் தாளில் சுற்றி வைத்து ஓட்டினேன். மூலை காலியாக வந்தது. கூட்டல் 101.

அன்றிலிருந்து எங்கள் படங்களில் இருக்கக் கூடாத கூட்டங்களுக்கென்றே ஒரு படம் உண்டு. சிடி3-உம் சிடி19-உம் அதில்தான் இருக்கும். சிடி4-உம் சிடி8-உம் கூட்டினால் சிடி3-க்குப் பக்கத்தில் வருகிறதா என்பதையும் பார்ப்போம். கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் இல்லாத காமா-டெல்டா டி செல்கள் உண்டு. நிறையக் குறைந்தால் ஏதோ ஒரு வண்ணத்தில் கோளாறு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டேன். ட்யூப் தாங்கிக்கு மூடியாக வண்ணாரப்பேட்டையில் வாங்கிய ஒரு தகரப் பெட்டி.

எண்ணிக்கைக் கணக்கு இப்படி. ட்யூபில் மணி 50,000 என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சிட்டிருக்கும், பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், பழைய எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். மெஷின் 5,000 மணியையும் 2,500 சிடி4 செல்லையும் பார்த்தது என்றால், 2,500-ஐ 5,000-ஆல் வகுத்து, 50,000-ஆல் பெருக்கி, ரத்த அளவான 50-ஆல் வகுங்கள். மைக்ரோலிட்டருக்கு 500. பெரியவர்களுக்குப் பொதுவாக 500-லிருந்து 1,500 வரை இயல்பு. எச்ஐவி உள்ளவருக்கு 200-க்குக் கீழே போனால் நிமோனியா போன்ற தொற்றுகளுக்குத் தடுப்பு மருந்து வேண்டும் என்று டாக்டர் முடிவெடுப்பார். பிப்பெட்டில் 50-க்குப் பதில் 45 போயிருந்தால் மெஷின் 500-ஐ 450 என்று காட்டும். 215 இருப்பவரை 194 ஆக்கிவிடும். ஒரு வாரம் வெறும் பிப்பெட் பிடிக்க வைப்பது இதற்காகத்தான்.

கடைசியாக, ரிப்போர்ட் போனாலும் ரத்த ட்யூபை உடனே அப்புறப்படுத்தாதீர்கள். டாக்டர் ஏதாவது கேட்டால், நேரம் கடந்துவிடாமல் இருந்தால், அதே ட்யூபிலிருந்து ரத்தம் எடுத்து மறுபடி சாயம் ஏற்றிப் பார்க்கலாம். ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. இன்று காலை முக்கூடல் அம்மா வந்திருந்தார். ரத்தம் எடுத்ததும் நானே வாங்கிப் பத்துத் தடவை கவிழ்த்து, குச்சி விட்டுப் பார்த்து, நேரம் எழுதித் தாங்கியில் வைத்துவிட்டு, பதினொரு மணி பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.